பன்னெண்டு மாசமும் காய்

செண்பகம்: செடிச் சட்டியெல்லாம் எண்ணிப் பாத்தாச்சா அண்ணாச்சி?

வன்னியபெருமாள்: இருபத்திரண்டு சட்டி, மூணு தேயிலைப் பெட்டி. மண்ணு எங்கேந்து?

செண்பகம்: ஏரல் ஆத்து வண்டல். வெத்தலை வண்டியில வரும். இங்கன உள்ள மண்ணுல உப்புதான வெளையும்!

வன்னியபெருமாள்: இப்பம் தை மாசம். எவ வீட்டுலயும் காய்க்கும். சித்திரை வெயில்ல...?

செண்பகம்: பழைய தோணிப் பாயை மேல கட்டிருவேன். நெழல்ல கீரை, வெண்டை. ஆடியில கத்தரி நாத்து. மழை விட்டதும் புடலை, பாவல். ஒண்ணு ஓய முந்தி அடுத்தது பூத்திரும்.

வன்னியபெருமாள்: வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

செண்பகம்: கைக்கும் இல்ல அண்ணாச்சி.

வன்னியபெருமாள்: கேளு. கப்பலுக்கு வாரம் நாலு கூடை பச்சைக்காய் நான் ஏத்தணும். ஒரு வாரம் தவறுனாலும் கப்பல் கம்பெனித் தொரை என்னியத்தான் கடிப்பாரு. இந்தச் சட்டியெல்லாம் நாலு கூடை தருமா?

செண்பகம்: தரும்.

வன்னியபெருமாள்: தண்ணி?

செண்பகம்: குளிச்ச தண்ணி, அரிசி கழுவுன தண்ணி...

வன்னியபெருமாள்: நீ, ஒம் புருசன் இசக்கியப்பன், ரெண்டு பிள்ளைய. நாலு பேரும் என்ன, யானை மாதிரியா குளிப்பிய?

செண்பகம்: அது வந்து...

வன்னியபெருமாள்: சொல்லுளா. நாலு கூடைக்கு இது காணாது.

செண்பகம்: அண்ணாச்சி, யுத்தத்துல கொழும்புத் தோணி நின்னு அவுக சும்மா இருக்காக. இந்த ஆர்டர் கெடைக்கலன்னா நாளைக்கே நான் உப்பளத்துல எறங்கணும். அதான் மறைச்சேன்.

வன்னியபெருமாள்: எதை?

செண்பகம்: ஒரு வீட்டுத் தண்ணி இந்தச் சட்டியளுக்குத்தான் காணும். அதனால... பதினோரு வீட்டுல வச்சிருக்கேன். மண்ணும் நாத்தும் நான் குடுப்பேன். எடமும் தண்ணியும் அவளுவ. காய்ல ஆளுக்குப் பாதி.

வன்னியபெருமாள்: தொரைக்கு ஒரு ஆளு பேருதான் வேணும். பதினோரு பேருன்னா...

செண்பகம்: பேரு எம் பேரு! கொறஞ்சா நான் வந்து நிக்கேன். ரெண்டு வருசமா ஒரு வாரம்கூட சந்தைக்குப் போற என் கூடை வெறுங்கூடையா இருந்ததில்ல.

வன்னியபெருமாள்: யார் யாரு வீடு?

செண்பகம்: என் வீடு, சுடலைமாடத்தி, மரியசெல்வி, பதுருன்னிஸா... அடுத்த தெருவுல ஆறு. வீட்டுக் கொழம்புக்குன்னுதான் புருசமாருட்ட சொல்லியிருக்காளுவ.

வன்னியபெருமாள்: பத்தாச்சி. இன்னொண்ணு?

செண்பகம்: அது வேண்டாம் அண்ணாச்சி...

வன்னியபெருமாள்: ஏன்?

செண்பகம்: அந்த வீட்டு ஆம்பளை கொஞ்சம் கோவக்காரரு. தெரிஞ்சா சட்டியத் தூக்கி எறிஞ்சிருவாருன்னு அந்த அக்கா பயப்படுதா.

வன்னியபெருமாள்: எறிய மாட்டேன்னு எங்க வீட்டுச் செல்லத்தாய்ட்ட சொல்லிரு. நாலு மாசமா அந்தக் கத்தரிச் சட்டியளுக்கு நடுவுல நின்னுதான குளிக்கேன்... முந்தாநாளே தொரைட்ட ஒம் பேரைக் குடுத்துட்டேன்ளா.