காய்த்துவிட்ட ஆண் கொடி

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ். அருவங்காட்டில் ஏறிய ஸ்வெட்டர்காரர், என் முன் சீட்டில் இருந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்:

“ஏனுங்க, நம்ம ஆம்பளக் கொடி காய்ச்சிருச்சுங்க!”

கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“அதெப்படிங்க காய்க்கும்?”

“அதானுங்க பயமா இருக்கு. எல்லாருஞ் சேந்து கிவிக் கொடி வாங்குனப்ப, காய்க்காத ஆம்பளக் கொடி வேண்டாம்னு அத்தன பேரும் ஒதுங்கிட்டீங்க. ஆர்டர் போட்டவன்னு நான் எடுத்துட்டுப் போயி நட்டேன். இப்ப அதுல பிஞ்சு தொங்குது. நர்சரில பேர்ச் சீட்ட மாத்திக் கட்டிட்டானுங்க.”

“அப்ப நெஜ ஆம்பளக் கொடி?”

“நம்மள்ல யாரு ஊட்லயோதானுங்க இருக்கு. அதோட மகரந்தம் பட்டாத்தான் மத்தக் கொடியெல்லாம் காய்க்கும்; அது ஒண்ணு போச்சுன்னா ஒருத்தர் ஊட்லயும் காய்க்காது. உங்களுது காய்ச்சுதுங்களா?”

“பூ கொள்ளையாப் பூக்குதுங்க. பிஞ்சு ஒண்ணுகூட நிக்கல.”

“அப்பாடா! அதேதானுங்க. பத்திரமாப் பாத்துக்கங்க.”

அம்மாள் பையைக் குடைந்து போனைத் தேடினார்.

“ஏனுங்க, என்னாச்சு?”

“காய்க்காததுக்குப் பந்தல் எதுக்குன்னு எங்க ஊட்டுக்காரரு கேட்டாருங்க. வெட்டிப்போடுங்கன்னு காலைல நாந்தான் சொல்லிட்டு வந்தேன்.”

முதல் தடவை அந்தப் பக்கம் எடுக்கவில்லை. அவர் மறுபடி போட்டார். ஸ்வெட்டர்காரர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

எடுத்தவரின் குரல் எனக்கே கேட்டது.

“வெட்டியாச்சு, வேரையும் தோண்டியாச்சு. அதே பந்தல்ல மேரக்காய்க் கொடிய ஏத்தியும் விட்டாச்சு. இப்ப சந்தோஷந்தானே?”