இடது ஓரத்துக் கிண்ணம்

வாஃபிள் மாவில் ஏலக்காய் போடுகிறவர்கள், போடாதவர்கள் என்று எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. நான் போடுகிற கட்சி. அன்ஃபின் முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஒவ்வொன்றின் மேலும் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டுக்கொண்டு. அவருக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று உங்கள் காவல் நிலைய மேலதிகாரி சொன்னாராம். கெடுதல் நினைக்கிறவள் விடியற்காலையில் எழுந்து மாவு கரைத்துக்கொண்டு நிற்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என் பெயர் ரக்னா. மலைகளுக்கு நடுவே கடல் நுழைகிற இந்த ஃபியோர்டின் முகத்துவாரத்தில் இருக்கும் வெள்ளை மரத் தேவாலயத்தில் பணியாள். மணி அடிப்பது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது, திருவிருந்துக்குக் கிண்ணங்களை நிரப்பி வைப்பது எல்லாம் என் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு என் வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது, அதுவும் ஜெபத்தில்தான். இதைச் சொல்லி நான் யாரிடமும் புலம்பியதில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊரில் எல்லோருமே கொஞ்சம் தனிதான். எனக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

எழுத்துதான் துணை. சின்ன வயதிலிருந்தே தியானக் கட்டுரைகள் எழுதி பெர்கன் நகரத்துக் கிறிஸ்தவப் பதிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் திரும்பி வரும். மற்ற பெண்கள் ஒரு பிள்ளை வேண்டுமென்று கேட்பதைப் போல நான் கர்த்தரிடம் ஒரு புத்தகம் கேட்டேன். ஜெபவீட்டில் இலையுதிர்கால விற்பனை நடக்கும்போது ஒரு மேசையில் புத்தகம் அடுக்குவார்கள். அந்த மேசையில் என் பெயர் ஒரு தடவை இருந்தால் போதும். பேராசை என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஹால்வர், விசுவாச எழுத்தாளர்களுக்கென்று ஒரு வார இறுதிப் பயிற்சி நடத்தினார். போனேன். என் கட்டுரையை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க எழுத்து துவைச்சுக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கு ரக்னா. ஒரு கறைகூட இல்ல. இதுல விழுறவன் ஒருத்தனையும் காணோமே. விழாதவனை எதுக்குங்க கடவுள் தூக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் படகில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஆனால் அவர் சொன்னது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். கடைசியில் புத்தி சொல்லாதே, ஆளைக் காட்டு, அவன் கை என்ன செய்கிறது என்று காட்டு என்றார். பிறகு நான் மனிதர்களின் கைகளைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எங்கள் ஜெபவீட்டில் சாட்சி சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விழுந்த கதையைச் சொல்லும்போது மண்டபமே அழும். எழுந்த கதைக்கு வந்ததும் பெண்கள் காப்பி வைக்க எழுந்து போய்விடுவார்கள். அன்ஃபின் சாட்சி சொன்ன அன்றும் அப்படித்தான். மீன்பிடிக் கப்பலில் வேலை, தண்ணீராய்க் குடி, குடிபோதையில் சின்ன மகள் சிக்னேவைப் படகில் வைத்துக்கொண்டு பாறையில் போய் மோதியது, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு மனந்திரும்பி, பல வருஷமாக ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார். எல்லோரும் காப்பிக்குப் போனார்கள். நான் மட்டும் அவரிடம் போய், உங்கள் வாழ்க்கையை எழுதட்டுமா என்று கேட்டேன்.

புதன்கிழமைகளில் வந்தார். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்னம்மா எழுத்தாளரே, இன்னைக்கு என்னோட எந்தப் பாவத்தைப் பொரிக்கப்போற?"

"இருக்கிறதுலேயே பெரிசா ஒண்ணு எடு."

"பெரிசெல்லாம் போன வாரமே தீந்துபோச்சே. இனிமே சில்லறைதான் பாக்கி."

சொல்லிவிட்டு மேசை ஆடும்படி சிரிப்பார். அந்தச் சமையலறையில் இன்னொரு ஆள் சிரிக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மற்ற நாட்களைப் புதன்கிழமைக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சிக்னேவுக்குக் குழந்தை பிறந்தது. ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். தொட்டிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது நீதான், அப்பா, என்று அவரிடம் சொல்லிவிட்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என் மாவுப் பையைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறையில் நடந்து பார்த்தார்.

"தலையைத் தாங்கிப் பிடி, மடையா" என்றேன்.

"மாவுக்கு எது தலை, எது கால், அதைச் சொல்லு முதல்ல." பிறகு பையை மெதுவாக இறக்கி வைத்தார். "ஒரே ஒரு நிபந்தனைதான் ரக்னா. ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுன்னுட்டா. பட்டா அதோட சரி, பேரப்பிள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டா. நியாயந்தான். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

புத்தகத்தை முடித்து ஹால்வருக்கு அனுப்பினேன். அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். என் வாழ்நாளில் எந்தப் பதிப்பாளரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

"முன்பாதி அபாரம், ரக்னா. நான் அழுதுட்டேன். ஆனா பின்பாதி தூங்குதே. மனந்திரும்பினார், நல்லா இருக்கார், சரி, அப்புறம்? இன்னொரு தடவை விழுந்து எந்திரிச்சிருந்தார்னா அதுதான் கிருபை, அதுதான் புத்தகம். என்ன செய்ய, வாழ்க்கை அப்படி அமையல. தயவுசெஞ்சு கற்பனையா எதையும் சேர்த்துடாதீங்க. சாட்சிப் புத்தகத்துல பொய் வந்துச்சுன்னா நாங்க தொலைஞ்சோம்."

நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை. பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று கட்டளையே இருக்கிறது. நடந்ததை மட்டும்தான் எழுதலாம் என்றால், எழுதுவதற்குமுன் அது நடந்திருக்க வேண்டும். ரொம்ப நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். இதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆலயத்தில் பொதுப் பாத்திரத்தில் இருப்பது கெட்டியான இனிப்பு ஒயின். அது ஆகாதவர்களுக்குச் சிறு வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சைச் சாறு ஊற்றி முன்கூட்டியே வைத்துவிடுவோம். அப்படிக் கேட்டவர் அன்ஃபின் ஒருவர்தான். பீடத்துக் கம்பியின் இடது ஓரத்தில் முழங்காலிடுவார். கிண்ணம் அங்கே இருக்கும். தவக்காலத்து முதல் ஞாயிறு காலையில் நான் சாறு பாட்டிலை எடுக்காமல் மற்றதை எடுத்து அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினேன். அது ஏதோ கள்ளச்சாராயம் அல்ல. போதகர் அதன்மேல் ஆசீர்வாதம் சொன்னார். அந்த ஒயினைத்தான் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர்களும் குடித்தார்கள். கர்த்தருக்குச் சித்தமில்லை என்றால் ஒரு முழங்கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்திருக்கலாம். கவிழவில்லை.

குடித்துவிட்டு எழாமல் அப்படியே இருந்தார். கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்பை இரண்டு தடவை சுற்றி வந்தது. அதை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை பகடி இல்லை. வாஃபிளைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்தச் சாறு என் தொண்டையில எரிஞ்சுக்கிட்டே இறங்குச்சு ரக்னா. கடவுள் குடுத்ததைக்கூட என் வாய் சாராயமாக்கிடுச்சு பாரேன். இத்தனை வருஷத்துல நான் மாறவே இல்ல போல."

நான் எழுந்து காப்பி ஊற்றினேன். அவர் போனதும் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினேன். கடவுள் கொடுத்ததைக்கூட என் வாய் சாராயமாக்கிவிட்டது. எத்தனை வருஷம் எழுதியும் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறும் நிரப்பினேன். அதற்கடுத்ததும். அப்போதெல்லாம் அவர் சீக்கிரமே வந்து முன்வரிசையில் கைகளைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. டவுனில் அரசு மதுக்கடை வாசலில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சிக்னேவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. ஈஸ்டரன்று குழந்தையை அவள் மாமனார் தூக்கிக்கொண்டு போனார். நான் மணியடிக்கக் கோபுரத்தில் இருந்தேன். அன்ஃபின் கோட்டும் டையுமாகக் கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றதை அங்கிருந்து பார்த்தேன். கைகள் ஏந்தின மாதிரி மடங்கியே இருந்தன. வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாக வந்தது.

அவர் எழுவார் என்றுதான் இருந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். எழுவதும் சேர்ந்ததுதான் புத்தகம். ஈஸ்டரிலிருந்து அவர் கிண்ணத்தில் சுத்தமான சாறுதான் வைத்தேன், தினமும் காலையில் அவருக்காக முழங்காலில் நின்றேன். ஆனால் அவர் பீடத்துக்கு வரவேயில்லை. பெந்தெகொஸ்தே முடிந்து சில நாளில் படகுத்துறைப் பக்கம் தண்ணீரிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள்.

ஹால்வரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர், "ரக்னா, தண்ணிக்கு அடியிலயும் தாங்குற கரம் உண்டு. அங்க முடிங்க" என்றார். அங்கே முடித்தேன். ஜெபவீட்டு மேசையில் அடுக்கினார்கள். கடைசி அத்தியாயத்தை நான் வாசித்தபோது ஒரு பெண்கூடக் காப்பி வைக்க எழுந்து போகவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஒருவர்தான் உண்டு, அவர் இல்லை. அன்று புதன்கிழமை வேறு.

சிக்னே புத்தகத்தை வாசித்திருக்கிறாள். சாறு தொண்டையில் எரிந்தது, வாய் அதைச் சாராயமாக்கியது என்று அவர் சொன்ன இடத்துக்கு வந்ததும் மூடிவிட்டு, போதகரைக் கூட்டிக்கொண்டு நேராக ஆலயத்துக்கு வந்தாள். நான் வெள்ளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாறு எரியுமா, ரக்னா?"

"எரியாது."

"அப்ப எங்கப்பா கிண்ணத்துல என்ன இருந்துச்சு?"

"ஒயின்" என்றேன். போதகர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மழுப்பவில்லை, கேட்டதும் சொன்னேன். அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.

இதற்கு முன்னால் யாருமே கேட்கவில்லையா என்கிறீர்கள். ஒருவர் கேட்டார். அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்ததற்கு முந்தின நாள். சவரம் செய்து, குடிக்காமல் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ரக்னா. கிண்ணம் மாறிப்போயிருக்குமா? அவசரத்துல தப்பா ஊத்திட்டியா? அப்படின்னா சொல்லிடும்மா, சத்தியமா கோச்சுக்க மாட்டேன். என் தப்பு இல்லன்னு தெரிஞ்சாப் போதும், இன்னைக்கே விட்டுடுவேன். சிக்னேகிட்ட போய் நிப்பேன்."

கடைசி அத்தியாயம் பாதியில் இருந்தது. கிண்ணம் மாறியதால் விழுந்தார், தெரிந்ததும் எழுந்தார் என்றால் அது வெறும் கைத்தவறு, அதில் கிருபைக்கு இடமில்லை.

"சாறுதான், அன்ஃபின்" என்றேன்.

தலையை ஆட்டினார். "அப்ப நான்தான்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைப்பக்கமாக இறங்கிப் போனார்.

அந்தப் பேச்சை நான் எழுதவில்லை. ஆகவே என் புத்தகத்தில் பொய் ஒன்றுகூடக் கிடையாது, வேண்டுமானால் வரிக்கு வரி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.