அடிபட்ட நாள்

— இருபத்தாறு மணி நேரம்! நேத்து காலைல பத்து மணிக்குக் கட்டைவிரல் விழுந்திருக்கு, இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு ஆடி அசைஞ்சு வர்றே. என் தம்பி பொண்டாட்டிக்கே இந்த லட்சணம்னா, இந்த ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி குடுக்கறவ நான்னு இனிமே வெளில சொல்லிக்க முடியுமா?

— வலிக்கல அண்ணி. வலிச்சாத்தானே ஆஸ்பத்திரி.

— எப்படி ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. கடையில சட்டைத் துணி வெட்டிக்கிட்டிருந்தேன். டப்புன்னு உள்ள ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது. அப்புறம் கத்தரி மூடுது, திறக்க மாட்டேங்குது.

— கத்தரியில தப்பா, கையில தப்பா?

— முதல்ல கத்தரிக்குத்தான் எண்ணெய் போட்டேன்.

— அடி என் கட்டிங் மாஸ்டரே! அப்புறம்?

— இடது கையால பிரிச்சுவிட்டுப் பிரிச்சுவிட்டு ஆறு சட்டை வெட்டினேன்.

— ஆறு சட்டை. நல்லா இருக்கு. சரி, உக்காரு. நம்ம உருண்டைப் பாப்பாவ யார்கிட்ட விட்டுட்டு வந்தே?

— பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட. அவர் வீட்லதான் இருக்கார். ஆனா, உங்களுக்குத் தெரியும்ல.

— தெரியும் தெரியும். ஜாக்கெட் முழுக்கையை மேல தள்ளு. இந்தப் புழுக்கத்துல இது எதுக்கு?

— துணித் தூசி ஒட்டும்.

— உள்ளங்கைய மேசை மேல கவுத்து வை. அழுத்தாதே, சும்மா வை. அப்படித்தான். இப்ப கட்டைவிரலை மட்டும் மேல தூக்கு.

— தூக்கறேன்.

— எங்க தூக்கறே?

— தூக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. மனசுல தூக்குது, மேசையில தூக்கல.

— மத்த விரலை ஒண்ணொண்ணாத் தூக்கு. சுட்டுவிரல், சரி. நடுவிரல், சரி. மோதிரம், சுண்டு. எல்லாம் சமத்தா இருக்கு. இங்க தொட்டா தெரியுதா? இங்க?

— தெரியுது. நரம்பு அறுந்துபோச்சா அண்ணி?

— ஊரே எல்லாத்துக்கும் நரம்புன்னுதான் சொல்லும். நரம்பு அறுந்தா தொட்டது தெரியாது. இது தசைநாண். இரு, பேனா எடுக்கறேன். கைமேலயே வரைஞ்சாத்தான் உனக்குப் புரியும்.

— மை வேண்டாம். நாளைக்குக் கடைத் துணியில ஒட்டிக்கும்.

— நாளைக்குக் கடைக்குப் போறதா நினைப்பு வேறயா? கையை ஆட்டாதே. இங்க பாரு, விரலை நீட்டற தசை விரல்ல இல்ல. இங்க, முழங்கைக்குக் கீழ, பின்பக்கம் உக்காந்திருக்கு. அங்கருந்து கயிறு மாதிரி நாண் இறங்கி வந்து புறங்கை வழியா விரலுக்குப் போகுது. மணிக்கட்டுல ஒரு பட்டை இருக்கு. பட்டைக்கு அடியில ஆறு அறை. எல்லா நாணும் அந்த அறை வழியாத்தான் போகணும்.

— ஆறு அறைக்கு எத்தனை நாண்?

— சில அறையில கூட்டுக் குடும்பம். மூணாவது அறையில மட்டும் ஒண்டிக்கட்டை, இந்தக் கட்டைவிரல் நாண். எலும்புல ஒரு மேடு இருக்கு பாரு, தொட்டுப் பாரு. அந்த மேட்டைச் சுத்தித் திரும்பித்தான் அது கட்டைவிரலுக்குப் போகணும். கப்பியில கயிறு திரும்பற மாதிரி. இப்ப இடது கையை விரி, நல்லா. கட்டைவிரலுக்கு அடியில ரெண்டு கரை, நடுவுல பள்ளம். தெரியுதா?

— தெரியுது.

— வலது கையில?

— ஒரு கரையைக் காணோம்.

— அதான் அறுந்துபோன நாண்.

— அறுந்தது எங்க போச்சு?

— மேல ஏறிடுச்சு. பாவாடை நாடா முனை உள்ள போயிடும் பாரு, அந்த மாதிரி.

— ஊக்குல கோத்து இழுத்துடலாமே அண்ணி.

— இழுத்தாலும் முனை நைஞ்சிருக்கும், தையல் நிக்காது. சுட்டுவிரலுக்கு ரெண்டு நாண் உண்டு. அதுல ஒண்ணைக் கடன் வாங்கிக் கட்டைவிரலுக்குத் தைப்பாங்க. நாலு வாரம் கட்டு, அப்புறம் என்கிட்டப் பயிற்சி. கத்தரி திறக்கும், பயப்படாதே. டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார். அவர் வர்றதுக்குள்ள இந்தத் தாளை நிரப்பி வைக்கணும். பேரு, வயசு, தொழில் எல்லாம் போட்டாச்சு. அடிபட்ட நாள்?

— அடியே படலையே.

— பட்டிருக்கணும். இந்த நாண் சும்மா இருக்கும்போது தானா அறுந்துடாது.

— வருஷக்கணக்கா கத்தரி பிடிக்கறேன். தேஞ்சிருக்கும்.

— அப்படின்னா ஊர்ல இருக்கற தையல்காரங்க கட்டைவிரலெல்லாம் தொங்கணுமே. யாரு, எக்ஸ்ரே அண்ணனா? உள்ள வாங்க.

— மேடம், உள்ள வர்றதுக்கு முன்னாடி எடுத்தோமே, இவங்க படம். தம்பி வீட்டம்மாவா? மணிக்கட்டுல பழைய கீறல் ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா? தானா சேர்ந்துக்கிட்டு வருது. கட்டு யார் போட்டது?

— யாரும் போடல அண்ணே.

— கட்டே போடலையா? இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க?

— சட்டை வெட்டினா. நீங்க போங்கண்ணே, நான் கூப்பிடறேன்.

— போறேன் போறேன். அங்க ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு அரை மணியா நிக்கறார்.

— கதவைச் சாத்திட்டுப் போங்க. ஏய், இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு. எலும்புல விரிசல் விட்டிருக்கு.

— அப்படியா?

— அப்படியாங்கறியா? உனக்குத் தெரியும்.

— எனக்கு எப்படி அண்ணி தெரியும்?

— எலும்பு விட்டா எருமைக்கும் தெரியும். வலிக்கலையா?

— வலிச்சுது.

— யார்கிட்டயும் சொல்லாம எப்படி இருந்தே?

— வலிக்கட்டும்னு இருந்தேன்.

— என்ன பேச்சு இது? கேட்டுக்கோ. எலும்பு விலகியிருந்தாக்கூட இந்த நாண் பெரும்பாலும் பிழைச்சுக்கும். விலகாம மயிரிழையா விட்டதுதான் ஆபத்து. உள்ள ரத்தம் கட்டும், அந்த அறை இறுகிப் போகும், நாணுக்கு ரத்தம் வராது. நைஞ்சு நைஞ்சு, அஞ்சாறு வாரம் கழிச்சு ஒரு நாள் டப்பு. நேத்து அறுந்துச்சுன்னா நேத்து நடந்தது இல்ல இது. அஞ்சாறு வாரத்துக்கு முன்னாடி நீ எங்கயோ கையை ஊன்றி விழுந்திருக்கே.

— இருக்கலாம்.

— இல்ல, யாராவது தள்ளியிருக்கணும். தம்பி கை வச்சானா?

— ஐயோ அண்ணி!

— என் தம்பின்னு பாக்காதே. வலிப்புக்குப் புது மாத்திரை போட்டதுலருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கான். கை வச்சிருந்தா சொல்லு, நானே போய் அந்தக் கையை உடைக்கறேன்.

— அவர் என்னைக் குரல் உசத்திக்கூடப் பேசினதில்ல. அவரை அப்படிச் சொல்லாதீங்க.

— பின்ன? அஞ்சாறு வாரம். இரு, உருண்டை விழுந்து இன்னியோட நாப்பத்தி நாலு நாள். ஆறு வாரமும் ரெண்டு நாளும்.

— அன்னிக்குத்தான் அண்ணி.

— அன்னிக்கா?

— அவருக்கு வலிப்பு வந்து பாப்பாவோட சாஞ்சார். பிடிக்க ஓடினேன். நானும் கையை ஊன்றி விழுந்தேன். பாப்பாவுக்கு மண்டையில விரிசல் விட்டிருக்குன்னு எல்லாரும் துடிச்சிட்டிருக்கறப்ப, என் மணிக்கட்டை யார்கிட்டக் காட்டறது? எட்டு நாள் அவ இங்க படுத்திருந்தா. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்.

— பைத்தியக்காரி. என்கிட்டக் காட்டியிருக்கலாமே. சரி, எழுதிக்கறேன். வலது கை ஊன்றி விழுந்தது. எங்க, ஹால்லயா?

— ஹால்லதான்.

— ஹால்ல அவன் சாயறதைப் பாத்தே.

— ஆமா.

— பாத்து ஓடினே.

— ஆமா அண்ணி.

— நாப்பத்தி நாலு நாள் முன்னாடி, இதே ஆஸ்பத்திரியில, கீழ அவசரப் பிரிவுல, உனக்கு எதாவது அடிபட்டுச்சான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— ஞாபகமில்ல.

— எனக்கு இருக்கு. 'நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அவர் தரையில கிடக்கார், பக்கத்துல பாப்பா கிடக்கா'ன்னே. மாடியில இருந்தவ ஹால்ல எப்படி விழுந்தே?

— அன்னிக்கு இருந்த பதட்டத்துல மாத்திச் சொல்லியிருப்பேன்.

— எதை மாத்தினே, அன்னிக்குச் சொன்னதையா, இப்பச் சொன்னதையா?

— விடுங்க அண்ணி. கையைச் சரி பண்ணுங்க போதும். அவர் சாயங்காலம் வெளியூர் கிளம்பறார், நான் போய்ப் பெட்டி எடுத்து வைக்கணும்.

— வெளியூரா? அப்படியா சொன்னான்?

— கம்பெனியில புது மெஷின் பொருத்த அனுப்பறாங்களாம். ரெண்டு மாசம்.

— லேத்துலருந்து எடுத்துட்டு, அட்டைப் பெட்டிக்கு லேபிள் ஒட்ட உக்கார வச்சிருக்காங்க அவனை. அவனையா மெஷின் பொருத்த அனுப்புவாங்க?

— அவர் அப்படித்தான் சொன்னார்.

— வெளியூரும் இல்ல, மெஷினும் இல்ல. இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல ஒரு ரூம். நான்தான் பாத்துக் குடுத்தேன். சாவி இதோ என் பையில இருக்கு. அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்குவான்.

— ரூமா? எதுக்கு?

— எதுக்குன்னு கேக்கறியா? போன வாரம் இதே நாற்காலியில உக்காந்து அழுதான். 'அக்கா, பாப்பா தவழ்ந்து தவழ்ந்து என்கிட்டத்தான் வருது. நான் கட்டில் மேல ஏறிக்கறேன். நடக்க ஆரம்பிச்சிட்டா கட்டில்லயும் ஏறிடும். அதுக்குள்ள நான் போயிடணும்'னான்.

— ரெண்டு மாசத்துலயாவது வந்துடுவாரா?

— அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் வர மாட்டேன்னான்.

— வேண்டாம். போக வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பார்.

— நான் எப்படிச் சொல்லுவேன்? போடான்னு சொன்னதே நான்தான். மூணு வருஷம் வராம இருந்த வலிப்பு, பிள்ளையக் கையில வச்சிருக்கும்போது வந்திருக்கு. இன்னொரு தடவை கீழ விட்டான்னா?

— அவர் விடல.

— என்ன?

— அவர் பாப்பாவைக் கீழ விடல அண்ணி.

— மெதுவாச் சொல்லு. அவன் விடலைன்னா?

— நான் மாடியில இருந்தது நிஜம். அங்க நான் மட்டும் இல்ல, பாப்பாவும் இருந்தா. இறங்கும்போது இடது இடுப்புல பாப்பா, வலது கையில வாளி. கடைசி மூணு படியில ஈரம். வழுக்குச்சு.

— ஐயோ.

— வாளியை விட்டேன், கையை ஊன்றிட்டேன். பாப்பாவைத்தான் பிடிச்சிருக்கணும். என்னைத் தாங்கிக்கிட்டு அவளை விட்டுட்டேன்.

— இல்ல, இங்க பாரு, அழாதே. விழற உடம்பு கையை முன்னால நீட்டும். யாரையும் கேட்டு நீட்டாது. இருபது வருஷமா இந்த மாதிரிக் கையைத்தான் பாக்கறேன். அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. கேக்குதா?

— கேக்குது.

— அவன் எங்க இருந்தான்?

— நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஹால்ல பாய் போட்டுத் தூங்கிட்டிருந்தார்.

— தூங்கிட்டிருந்தான். அன்னிக்கு அவன் வாயில ரத்தமே இல்ல. ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடிச்சுக்குவான், அன்னிக்குக் கடிக்கல. தப்பிச்சான்னு நினைச்சேன் நான். கடவுளே, தூங்கிட்டிருந்தவனைப் போய், வலிப்பு வந்துச்சுன்னு ஒரு கதையை எப்படிடி கட்ட முடிஞ்சுது உன்னால?

— நான் கட்டல அண்ணி.

— நீ கட்டாம பின்ன யாரு?

— பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள ஓடினேன். அவர் பக்கத்துல கிடத்தினேன். அவ அழல, அசையல. என்னங்க என்னங்கன்னு உலுக்கினேன். கண்ணைத் திறந்தார். பாப்பாவைப் பாத்தார். தன் ரெண்டு கையையும் பாத்தார்.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணு கேட்டார்.

— என்ன கேட்டான்?

— சொல்லிட்டா நீங்க என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்க.

— சொல்லு.

— 'எனக்கு வந்துச்சா? நானா போட்டேன்?'ன்னு கேட்டார். நான் ஆமான்னேன்.