ஒரே இடத்தில் எரியும் சிவப்பும் பச்சையும்

ஸ்ரீரங்கம் பஸ் அண்ணா சிலை சிக்னலில் நின்றபோது, முன் சீட்டிலிருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது.”

அதுவரை எப்போது கிளம்புவான் என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்த நான், திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

“இப்ப வந்து சொல்றீங்க! தினம் பையனை வண்டியில வச்சு இந்த சிக்னலைத்தானே தாண்டுறீங்க?”

“சிக்னல்ல மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். பிரஸ்ல வந்திருக்கிற புது மிஷின்ல அப்படி இல்ல. மை சரியா இருந்தா பச்சை, அதிகமானா சிவப்பு. மையோட சேர்ந்து ஓடுற தண்ணிக்கும் அதேதான். ஸ்கிரீன்ல எல்லாம் ஒரே இடத்துல எரியுது.”

“இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க?”

“பழைய மிஷின்ல கறுப்பு மட்டும்தானே. இன்னிக்கு இந்தப் புதுசுல முதலாளி என்னைத் தனியா நிக்கச் சொல்லிட்டாரு. கலர் காலண்டர்.”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“முதலாளிகிட்ட சொல்லிடுங்க. பழைய மிஷினுக்கே போன்னுவாரு, அவ்வளவுதானே?”

“அதைத்தான் நேத்து லாரியில ஏத்தி அனுப்பிட்டோமே. நானும்தான் சேர்ந்து தள்ளினேன்.”

பஸ் பாலத்தைத் தாண்டியது. மாம்பழச்சாலை ஸ்டாப்பில் அவர் எழுந்து படிக்கட்டு வரை போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அந்தம்மாவும் எழுந்தார்.

“நீங்க ஸ்ரீரங்கம் டிக்கெட்தானேம்மா?” என்றார் கண்டக்டர்.

அந்தம்மா கணவரின் முதுகில் கை வைத்தார்.

“இறங்குங்க. முதலாளிகிட்ட நான் வந்து சொல்றேன்.”