கூரை மேல் தோட்டக்காரர்கள்

எண்பதுகளில் ஒருநாள், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கட்டட காண்ட்ராக்டர். மற்றவர் அவரிடம் தகரக் கூரை போடும் அந்தோணி, காலில் மாவுக்கட்டு.

"ஏலே அந்தோணி, இன்சூரன்ஸ் ஆபீசர் கேட்டா, தரையில நிக்கயில விழுந்தேன்னு சொல்லு."

"கூரையில இருந்துதானேண்ணே விழுந்தேன்?"

"கூரை ஏறுற ஆளுக்கு பிரீமியம் ஜாஸ்தி. அதான் உன்னைய தோட்டக்காரன்னு எழுதிக் குடுத்துட்டேன்."



"பொய் சொல்ல மாட்டேண்ணே. கம்பெனி கைய விரிச்சாலும் நீங்கதான் நஷ்டஈடு குடுக்கணுமாம். கோயில் பாதர் சட்டத்தப் படிச்சுச் சொன்னாரு."



"சரி, நடந்ததையே சொல்லு" என்றார் காண்ட்ராக்டர், நாலு கொண்டை ஊசி வளைவு கழிந்த பிறகு.

"இன்னிக்குக் கூரை மேல வேல பாக்குற ஆறு பேர என்னன்னு எழுதியிருக்கீங்கண்ணே?"

"அவங்களும் தோட்டக்காரங்கதான்."

பஸ் நின்றது. காண்ட்ராக்டர் அந்தோணியைத் தோளில் தாங்கி இறக்கினார். பிறகு கண்டக்டரிடம் கேட்டார்:

"தம்பி, இங்க போன் எங்க இருக்கு? ஆறு பேரை வெரசாக் கீழ எறங்கச் சொல்லணும்."