ஓவர்லாக் ரெக்கார்ட்சுக்கு ஒரு சாட்சி

பிள்ள திருந்தி வந்ததுக்கு ஞாயித்துக்கெழம சபையில நான் சாட்சி சொல்லணுமா? உக்காருங்க பாஸ்டர், டீ எடுத்துக்கிடுங்க. மைக்கப் புடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்ல. அதோட எங்க இருந்து தொடங்கன்னு யோசிக்கேன். எம்மவன் ஜெபக்குமாருக்கு மொத கிடார் குடுத்ததே நீங்கதான, அதயும் சொல்லணுமா? சரி சரி, வேண்டாம்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைய விட்டுட்டு, ராக் பாட்டு ரெக்கார்ட் பண்ணுத கம்பெனி வைக்கப்போறேம்மான்னு வந்து நின்னான். இந்தா, மேல இருக்க தகர ரூம்தான் ஆபீசு. சத்தம் வெளிய போவாம இருக்க, செவுரு பூரா பனியன் துணி கட்டிங் வேஸ்ட் மூட்டைய அடுக்குனோம். பேரு ஓவர்லாக் ரெக்கார்ட்ஸ். இருவது வருசமா நான் ஓட்டுன தையல் மிஷின் பேருல்லா அது.

சாயப்பட்டறைல வேல பாத்த மாதவன்னு ஒரு பயதான் பாடுனான். பாட்டுன்னா, ஷிப்மெண்ட் நேரத்துல மொதலாளி கத்துவாருல்லா, அதுக்குத் தாளம் போட்ட மாதிரி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா மூணே மாசத்துல பெங்களூர்ல இருந்தெல்லாம் பயலுவ தேடி வந்தானுவ, நான் தச்ச மண்டையோட்டு பனியனப் போட்டுக்கிட்டு. ஆமா பாஸ்டர், மண்டையோடுதான். கழுத்துப் பட்டி ரிப்பு சுருங்காமத் தச்சிருந்தேன்.

பொறவு பனியன் கேட்டு வாரவங்க கூடுனாங்க, பாட்டுக் கேட்டு வாரவங்க கொறஞ்சாங்க. திருப்பூர்ல எதத் தொடங்குனாலும் கடைசில பனியன்லதான் வந்து நிக்கும்போல. மாதவன மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு கூட்டிட்டுப் போயிட்டு. அவன் போன நாலே மாசத்துல இவன் கம்பெனி போர்டக் கழட்டிட்டான்.

இப்ப முடி வெட்டியாச்சு. பழைய எக்ஸ்போர்ட் கம்பெனிலயே ஆர்டர் பாக்குத மெர்ச்சண்டைசர். ஞாயித்துக்கெழம மொத பெஞ்சு. நீங்க சொல்லுதது சரிதான், பாக்க லெச்சணமாத்தான் இருக்கான். பாட்டுப் புஸ்தகத்த விரிச்சு வச்சிருக்கான். வாயத் தொறந்து அவன் பாடி என்னைக்காவது பாத்தீங்களா? வீட்டுலயும் அப்படித்தான். குளிக்கும்போதுகூட ஒரு முனங்கல் கெடையாது.

உபவாசமா? ஆமா, அவன் அந்த ராக் பாட்டவிட்டு வெளிய வரணும்னு சபையே மூணு வெள்ளிக்கெழம இருந்துச்சு. நானும்தான் இருந்தேன், பச்சத் தண்ணி பல்லுல படல. ஆனா அந்தக் கம்பெனி மூடிறக் கூடாதுன்னுல்லா நான் முழங்கால்ல நின்னேன்.

ஆண்டவரு உங்க ஜெபத்தத்தான் கேட்டிருக்காரு பாஸ்டர். அப்ப சாட்சியும் நீங்கதான சொல்லணும்.

டீ ஆறுது, குடிங்க.