ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு

"முப்பது வருஷமா டெலஸ்கோப்புல நட்சத்திரம் பாக்கறவன் சொல்றேன். இந்தப் பிரபஞ்சத்துல மனுஷன் ஒரு தூசி. இதுல என்னோடது, உன்னோடதுன்னு சண்டை வேற."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் அலுத்துக்கொண்டிருந்தார். ராயக்கோட்டை பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தார். முண்டியடித்து அவர் ஏறுவதற்குள், கம்பெனி யூனிபார்மில் ஒரு பெண் அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, துண்டு போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? அது என் சீட்டு, எந்திரி."

"இந்தாங்க உங்க துண்டு. கீழ நீங்க பேசினதை நானும் கேட்டேன் சார். எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நின்னுட்டு வரேன். ராயக்கோட்டை வரைக்கும் இந்தத் தூசி உக்காந்துக்கட்டும்."